ஃபார் போட்ட கையெழுத்து

கொடைக்கானலில் எங்கள் பள்ளி அலுவலகத்திலிருந்து வெளியே போகும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆளின் கையெழுத்துதான் இருக்கும். பிரின்சிபாலான மதர் மதுரைக்குப் போயிருந்தால் ‘ஃபார் பிரின்சிபால்’, அதாவது பிரின்சிபாலுக்காக. விடுதி வார்டனான நான் காய்ச்சலில் படுத்திருந்தால் ‘ஃபார் வார்டன்’. சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் பூசைக்குப் போயிருந்தால் ‘ஃபார் ஸ்டோர்ஸ்’. கடிதம் முழுவதையும் டைப் அடித்தாலும் அந்த ஃபாரை மட்டும் அவர் டைப் அடிக்க மாட்டார். பேனாவை எடுத்து, முதல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வளைத்து எழுதி, அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும் ஒரு எழுத்து விடாமல் போடுவார். நாங்களெல்லாம் கோழி கிளறியதுபோல் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டுப் போகிறவர்கள். அவர் கையெழுத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக் கூட்டி வாசிக்கலாம்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பள்ளியில் யாரும் பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டதும் இல்லை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பாவோடு இங்கே வந்து சேர்ந்தவர். அவர் ஊரில் நாற்காலிக்குக் கதிரை, கையெழுத்துக்கு ஒப்பம், ஆபீசுக்குக் கந்தோர் என்று பெயராம். ‘கந்தோரைப் பூட்டிட்டு வாறேன்’ என்று அவர் சொல்லப்போய், பிள்ளைகள் அவருக்குக் கந்தோரக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். மதரே ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்தார். அவருடைய வேலை போனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் எங்காவது மழுப்பிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சாம்பல் நிற ஸ்வெட்டர். காலில் சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு. செருப்பு வார் நுழைவதற்காகச் சாக்ஸின் பெருவிரலைத் தனியாகப் பிரித்துத் தைத்திருப்பார். பால் விடாத டீயைப் பிளேன்டீ என்பார். அதில் சர்க்கரை போடுவதில்லை. கருப்பட்டியை ஒரு கடி, டீயை ஒரு மடக்கு என்று குடிப்பார். ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆசிரியைகள் எழுதும் லீவு லெட்டரைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். அதனால் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

கணக்கு டீச்சர் ஒருத்தி வாயாடி. “அக்கா, இந்த ஃபாருக்கு அப்படி என்னதான் அர்த்தம்? அதை மட்டும் கோலம் மாதிரி எழுதுறீங்க?” என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தாள். அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. திண்டுக்கல் கல்வி அலுவலகத்துக்கு அன்று போகவேண்டிய ஆங்கிலக் கடிதத்தை மேசையில் விரித்து, பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“இங்க பாருங்க. டீச்சருக்கு மூணு நாளைக்கு லீவு. இந்த ஃபார் நாள் கணக்கை அளக்குது. இங்க, பிள்ளைகளுக்கு வேண்டி நோட்டு. இது யாருக்குன்னு காட்டுது. இங்க மழையால சுவர் விழுந்திருக்கு, அதுக்காக ஆள் அனுப்பச் சொல்லிக் கேக்குறோம். இது காரணத்தைச் சொல்லுது. இதுல எல்லாம் பிழை வந்தா அழிச்சிட்டு வேற அடிச்சிரலாம். கடைசியா ஒப்பத்துக்கு மேல நிக்குதே, அது வேற சாதி. ஒருத்தர் எழும்பிப் போன கதிரையில இன்னொருத்தரை உட்கார வைக்கிது. உட்கார்ந்தவர் கதிரை தன்னோடதுன்னு நெனைக்கக் கூடாது. எழும்பிப் போனவரு அது என் கதிரையே இல்லன்னு சொல்லக் கூடாது. விளங்குதா?”

“விளங்குது விளங்குது,” என்று அவள் அக்கா மாதிரியே இழுத்துச் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஒருமுறை விடுதியில் ஆறு பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பந்துபோல வீங்கிக் கிடந்தார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் வந்திருந்த நாள் அது. வீங்கிக் கிடந்த ஒருத்தி தன் பாவங்களை ஒரு தாளில் எழுதி, தோழியிடம் கொடுத்து, தனக்காகப் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி அனுப்பியிருந்தாள். தோழியும் வரிசையில் நின்று இரண்டு பேர் பாவத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். சாமியார் வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கந்தோரக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவர், இந்த முறைகள் அவருக்குப் புதிது. ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு என்னிடம் வந்து, “அப்போ வேண்டிக்கிறது மட்டும் இன்னொருத்தருக்காகச் செய்யலாம், இதைச் செய்ய ஏலாது. அப்படித்தானே மிஸ்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்ல சட்டம்,” என்று சொல்லிவிட்டு டைப் அடிக்கப் போய்விட்டார்.

அவரிடமும் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பும் கேட் பாஸ் கார்பன் வைத்து எழுதப்படும். மேல் தாளை வாட்ச்மேன் வாங்கிக்கொள்வார், கார்பன் காப்பி புத்தகத்திலேயே இருக்கும். வார்டனுக்காக அக்கா கையெழுத்துப் போட்டால், வார்டன் திரும்பி வந்ததும் அந்தக் கார்பன் காப்பியில் தன் இனிஷியலைப் போடவேண்டும். அவர் போட்டது எனக்காகத்தான் என்று நான் ஒத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். மதருக்கும் இதே சட்டம்தான். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மதரின் அறை வாசலில் நிற்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். போடுகிற வரைக்கும் நகர மாட்டார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஒரு மழை நாளில் கேட்டேன். அவர்களுடைய தோட்டத்தில், யார் சிலோனில் இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று மனுப் போடும் காலத்தில், எழுதத் தெரியாத தொழிலாளிகளுக்காக ஆபீஸ் கிளார்க் ஒருவர் மனு எழுதியிருக்கிறார். அக்காவின் அப்பா தேயிலைச் செடிகளுக்கு நடுவே வேலைக்காட்டில் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்க யாருக்கும் நேரமில்லை. அவருக்காக இந்தியா என்று எழுதி, அவருக்காகவே கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

“அப்பா அங்கேயே பொறந்து வளந்தவரு மிஸ். அம்மாவ அடக்கம் பண்ணுன மண் அங்க கெடக்கு. யாரு போட்டதுன்னு தேடிப் போனா, தாளுல ஒரு கிறுக்கல். பேரு இல்ல. ஒருத்தரும் ஒத்துக்கல.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் அழுகை எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. கார்பன் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு தடவைக்குத் தாங்கும் என்று திரும்ப வைத்தார்.

இனி என் கதை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கொடைரோடு ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரை எனக்குப் பிடித்திருந்தது. அவர் பழனி முருகனுக்கு மொட்டை போடுகிற குடும்பம், நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். விஷயம் வெளியே தெரிந்தால் மதர் அன்றைக்கே என் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார். அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை, தலைவலி என்று சொல்லி அறையைச் சாத்திவிட்டு, முதல் பஸ்ஸில் கீழே இறங்கி, கடைசி பஸ்ஸில் மேலே ஏறுவேன். இது கந்தோரக்காவுக்கு மட்டும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் வடகவுஞ்சிப் பெண் ஒருத்தி படித்தாள். அப்பா பூண்டு போடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாச்சலூரிலிருந்து அவளுடைய தாய்மாமன் வந்து, வீட்டில் விசேஷம், அடுத்த சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றார். பலாப்பழம் ஒன்று கொண்டுவந்திருந்தார். மரியாதையான ஆளாகத் தெரிந்தது. சரி என்றேன். புதன்கிழமை அப்பாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என்னைத் தவிர யாரோடும் பிள்ளையை அனுப்பாதீர்கள், தாய்மாமன் வந்தாலும் அனுப்பாதீர்கள், அவன் பிள்ளையைத் தனக்கே கேட்கிறான் என்று எழுதியிருந்தார். படித்தேன். ஆபீசில் கொடுக்கவேண்டும் என்று டிராயரில் வைத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு எந்தச் சேலை கட்டுவது என்பதைத் தவிர வேறு சிந்தனை இல்லை. கடிதத்தைச் சுத்தமாக மறந்துபோனேன்.

சனிக்கிழமை வெள்ளனே கிளம்பும்போது அக்காவிடம் சொன்னேன். “அந்த வடகவுஞ்சிப் புள்ளையக் கூப்பிட தாய்மாமன் வருவாருக்கா. எனக்காகப் பாஸ் போட்டு அனுப்பிருங்க.”

அவர் அட்மிஷன் கார்டை எடுத்துப் பார்த்தார். “கூட்டிப் போறவங்கன்னு இதுல அப்பா பேரு மட்டுந்தானே இருக்கு மிஸ்?”

“நான் அந்த ஆள்கிட்டப் பேசிட்டேன். தாய்மாமன்தானக்கா, பெறத்தியாளா? நான் சொல்றேன், அனுப்புங்க.”

“நீங்க சொல்றீங்கன்னா சரி,” என்றார்.

நான் ராத்திரி திரும்பியதும் தூங்கப் போய்விட்டேன். ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது அவர் பாஸ் புத்தகத்தோடு வந்தார். முக்காடு போட்டுக்கொண்டே, அப்புறம் போடுகிறேன் என்றேன். திங்கள்கிழமை பள்ளி மணி அடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் அப்பா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

“எம்புள்ளைய எவன்கூட அனுப்புனீங்க? காயிதம் போட்டேனா இல்லையா? புதன்கிழமை பரிசம் போடுறானாம் அங்க. பதினாலு வயசுப் புள்ளைக்கு.”

மதர் என்னைப் பார்த்தார். “கடிதம் எதுவும் வரவில்லை மதர்,” என்றேன். நாக்குத் தானாகவே சொல்லிவிட்டது. தபால் என்றால் தவறிப் போவதும் உண்டுதானே என்று மனதிலும் சொல்லிக்கொண்டேன். அந்த அப்பா மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்திவிட்டு, பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு பாச்சலூருக்குப் போனார். பரிசம் போடுமுன் பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் அதோடு அவள் படிப்பு நின்றுபோயிற்று. அவர் போன கையோடு நான் அறைக்குப் போய் அந்தக் கடிதத்தை எடுத்து, குளியலறை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

அன்று பிற்பகல் கந்தோரக்கா மறுபடியும் பாஸ் புத்தகத்தோடு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். அவர் என் அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

“நாளைக்கு மதர் விசாரிக்கப் போறாங்க மிஸ். இதுல உங்க இனிஷியல் இல்லன்னா என் பேரு மட்டுந்தான் இருக்கும். எங்க போனீங்க வந்தீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லித்தான் நான் போட்டேன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அப்பாவுக்கு நெஞ்சுச் சளி. குவாட்டர்ஸ் போயிருச்சுன்னா அவரை எங்க கொண்டுபோய் வைப்பேன்?”

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். இரண்டு எழுத்துத்தான். போட்டால், அன்று நீ எங்கே இருந்தாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் கொடைரோடு வரும், கடிதம் வரும், எல்லாம் வரும். “மதர் கேட்கட்டுமே அக்கா, கேட்டதும் நானே சொல்லிடுறேன்,” என்று பேனாவை மூடினேன். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். என் இனிஷியலை ஆயிரம் தரம் பார்த்தவர் அவர். அதே மாதிரி அவரே போட்டிருந்தால் எனக்கேகூட வித்தியாசம் தெரிந்திருக்காது. போடவில்லை.

செவ்வாய்க்கிழமை மதர் அறையில் அக்கா நடந்ததைச் சொன்னார். வார்டன் மிஸ் சொல்லித்தான் பாஸ் கொடுத்தேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மதர் என் பக்கம் திரும்பினார்.

“நான் தலைவலியென்று படுத்திருந்தேன் மதர். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவும் இல்லை,” என்றேன். இவ்வளவு தெளிவாக, தடுமாற்றமில்லாமல் நான் அதுவரை மதரிடம் பேசியதே கிடையாது.

மதர் கார்பன் காப்பியைப் பார்த்தார். அதில் ஒரு பெயர்தான் இருந்தது, எழுத்துக் கூட்டி வாசிக்கலாம்போல. “உன் சட்டப்படியே பார்த்தாலும் இது உன் கையெழுத்துத்தானே அம்மா?” என்று கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. “ஆமாங்க மதர், என் ஒப்பம்தான்,” என்றார். என் தலைவலி பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் மாட்டியிருப்பேன். சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார், சொல்லவில்லை.

குவாட்டர்ஸைக் காலி செய்ய ஐந்து நாள் கொடுத்தார்கள். அந்த ஐந்து நாளும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டறைக்குக்கூடச் சுற்றுவழியில் போனேன். எந்த வேலைக்காக அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அந்த வேலையை நாலே மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் கணவர் தங்கமான மனிதர். இப்போது பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இதில் ஒரு வரியும் அவருக்குத் தெரியாது.

சில வருடங்கள் கழித்து என் கணவருக்குப் பழனிக்கு மாற்றலாயிற்று. மகனுக்கு ஒரு சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வாசலில் மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்து நாலைந்து பேர் மனு அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண். ஸ்வெட்டர் இல்லை, முடி பாதி நரைத்திருந்தது. முன்னால் ஒரு பெரியவர் குந்தியிருந்தார்.

“எனக்குக் கையெழுத்துத் தெரியாது தாயி. எனக்காக நீயே போட்டு விட்டுரு,” என்றார் அவர்.

“நான் யாருக்காகவும் போடுறதில்லைங்க ஐயா. இந்தா மை, ரேகை வைங்க.” குரல் அதேதான். பெரியவரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் பதித்து, அவர் விரலைத் துடைத்தும் விட்டார்.

பெரியவர் போனதும் நான் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். “வாங்க மிஸ். சுகமா இருக்கீங்களா? என்ன மனு?” என்றார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பழனிக்கு வந்த வருஷமே போய்விட்டார் என்றார். பெரியவர் குந்தியிருந்த இடத்தில் நானும் குந்தினேன். அன்று நான் பொய் சொன்னதையும், கடிதம் வந்ததையும், அதை அடுப்பில் போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பக்கத்து டைப்ரைட்டர்க்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“காயிதம் வந்துச்சா?” என்றார். “அது எனக்குத் தெரியாது.” டைப்ரைட்டரின் உருளையைத் திருப்பி அடுத்த தாளைச் செருகினார். அழுதுவிடுவேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

“மதர் முன்னால நீங்க பயந்துட்டீங்க. அது எனக்கு அப்பவே விளங்குச்சு மிஸ். தனியாப் போய்ச் சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அஞ்சு நாளும் கதவைச் சாத்தாம வச்சிருந்தேன். சாமான் கட்டுறப்பவும் அந்த நெனப்புதான். பஸ்ல ஏறுன பொறகும், வாட்ச்மேன் பின்னால ஓடி வாறாரான்னு பாத்துக்கிட்டே போனேன். பெருமாள்மலை வரைக்கும் ஜன்னலை எறக்கல. அப்பாவுக்குக் குளிரு தாங்கல, நடுங்குறாரு. அப்புறந்தான் எறக்குனேன்.”

அந்த பஸ்ஸை நான் பார்த்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. விடுதிக்குப் பின்னால், துணி காயப்போடும் மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து ரோடு தெரியும். பஸ் வளைவில் திரும்பி மறைகிறவரைக்கும் பார்த்தேன். மறைந்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.